அனுப்பிவைக்கிறவரை முதலில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு நகைச்சுவைப் பயணத் தொடர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். ஊர் தாண்டவே பிடிக்காத ஒரு காமெடி நடிகரைப் பிடித்து விமானத்தில் ஏற்றி, பின்னாலேயே கேமராவையும் அனுப்பினால் நம் சேனல்களுக்கும் இப்படியொரு தொடர் கிடைத்துவிடும் என்கிற தொனியில் அது முடிந்திருந்தது. எடிட்டிங்கிலும் ஒலிப்பதிவிலும் பிழைப்பு நடத்துகிறவர்கள் நாங்கள். அந்த வரியை நம்பி யாராவது பத்துப் பேருக்கு டிக்கெட் போட்டுவிடப் போகிறார்களே என்ற கவலையில் எழுதுகிறோம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

கட்டுரை உதாரணம் காட்டிய ‘ஆன் இடியட் அப்ராட்’ (வெளிநாட்டில் ஒரு முட்டாள்) 2010 செப்டம்பரில் பிரிட்டனின் ஸ்கை 1 சேனலில் தொடங்கி 2012 வரை மூன்று பருவங்கள் வந்தது. விருப்பமே இல்லாமல் உலக அதிசயங்களைப் பார்க்கப் பயணம் போகிறவர் மான்செஸ்டர்க்காரர் கார்ல் பில்கிங்டன். அனுப்பிவைக்கிறவர்கள் பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர்களான ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட். கட்டுரையில் கார்லுக்கு நான்கு பத்தி, அனுப்புகிற இருவருக்கும் ஒரே வரி. தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

மூவரும் லண்டன் எக்ஸ்எஃப்எம் வானொலியில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். கார்ல் அங்கே நடிகரோ அறிவிப்பாளரோ இல்லை, நிகழ்ச்சித் தயாரிப்பாளர். மைக்குக்கு முன்னால் இருந்த இருவரும் அவரைப் பேச்சுக்கு இழுத்துவிட, அவர் யோசித்துச் சொன்ன பதில்களே நிகழ்ச்சியாகிப் போயின. 2005 இறுதியில் அதுவே போட்காஸ்டாகி, அதிகம் தரவிறக்கப்பட்டதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆக, கார்லை முதல் விமானத்தில் ஏற்றும்போது, எதைச் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும், எது கிடைக்காவிட்டால் தூக்கம் வராது என்பது அனுப்புகிறவர்களுக்குப் பல வருடப் பாடம். அவர் முகச்சுளிப்பு தொலைக்காட்சிக்காகத் தயாரித்தது இல்லை. முன்பே இருந்ததை இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர் ஆள் தேர்வுக்கு ஆடிஷன் வைப்பார். ஆடிஷனில் முகத்தைச் சுளித்துக் காட்டத் தெரிந்தவர்தான் தேறுவார், மூன்றாம் நாள் அந்தச் சுளிப்பு தீர்ந்துவிடும். நடிகருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு முறை சிரிப்பு வந்த சேட்டையை அடுத்த நாளும் செய்வார். அதற்குப் பதில், அனுப்புகிறவருக்குக் குறைந்தது ஐந்தாறு வருடம் பழக்கமான ஆளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து நான்கு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் பத்து நிமிடம் உருப்படியாகத் தேறாவிட்டால் வெளிநாடு போயும் தேறாது.

அனுப்புகிறவருக்கு என்ன வேலை? முதலில், கிளம்பும் முன் எங்கே போகிறாய் என்று சொல்வது, அதிலும் பாதியை மறைப்பது. அடுத்து, பயணத்தின் நடுவில் போன் போட்டு ஒரு வேலையைத் தலையில் கட்டுவது. மாயன் பிரமிடைப் பார்க்க மெக்சிகோ போன கார்லை முகமூடி மல்யுத்த மேடையில் ஏற்றியது அவர்கள் ஏற்பாடுதான். கடைசியாக, திரும்பி வந்தவன் புலம்பலை உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பது. இந்த மூன்றாவது இல்லாவிட்டால் பார்க்கிறவருக்குக் குற்ற உணர்வு வந்துவிடும். பழைய சிநேகிதன் சிரிக்கிறான் என்றால்தான் நாமும் சிரிக்கலாம் என்று தோன்றும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பல நாடுகளுக்கு விசா வேண்டாம், நாட்டின் பெயரைக் கடைசி வாரம் வரை மறைக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் அது பெரும்பாலும் நடக்காது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், நாள்வாரியான பயணத் திட்டம், போதாததற்கு நேரில் போய்க் கைரேகை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கு எந்த நாடு என்று தெரியாமல் இருக்குமா? ஆகவே நம்மவர் நாட்டை மறைக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். அன்றன்றைய வேலையை மட்டும் மறைக்கலாம். அதோடு, விசா மையத்து வரிசையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகத்தைவிட நல்ல முதல் காட்சி வேறு கிடைக்காது. உள்ளே கேமரா அனுமதி இல்லை என்பதால் வாசலோடு சரி.

மறைப்பதற்கும் எல்லை உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை, உயரம் பயமா, நீச்சல் தெரியுமா என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, அதன் பிரதியை உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். பயணிக்குத் தெரியாமல் இருக்கலாம், டைரக்டருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாமல் எதுவும் இருக்கக் கூடாது. சாகச விளையாட்டுகளைச் சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை முழுக்கப் பயணியுடையது. அந்த மறுப்பே சில சமயம் சாகசத்தைவிட நல்ல காட்சி. இரண்டாம் பருவத்தில் கார்ல், ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கும் பங்கி சாகசத்தில் குதிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். பிறகு வனுவாட்டு தீவில், காலில் கொடியைக் கட்டிக்கொண்டு மரக் கோபுரத்திலிருந்து குதிக்கும் சடங்குக்குப் போனவர், அடிமட்டப் பலகையிலிருந்து குதித்தார். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அவருக்கு அது இமயமலை. உச்சியிலிருந்துதான் குதிக்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தியிருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும்.

இனி எங்கள் தொழில். இந்த வகைத் தொடரில் படத்தைவிட ஒலி முக்கியம். தாஜ்மஹாலை யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். அதன் முன்னால் நின்று ஒருவர் வாய்க்குள் முணுமுணுப்பது காதில் விழாவிட்டால் நிகழ்ச்சியே இல்லை. காலர் மைக்கைச் சட்டையின் இரண்டாவது பட்டனுக்கு உட்புறம், மருந்துக்கடையில் கிடைக்கும் துணிப் பிளாஸ்திரியால் ஒட்டுவோம். மைக்குக்குக் கீழே ஒயரில் சிறிய வளையம் ஒன்று விட்டு அதையும் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் திரும்பும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு ‘கரக் கரக்’ என்று கேட்கும். பாலியஸ்டர் சட்டை கூடாது, உரசல் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். முதுகுப்பையின் தோள்பட்டி மைக்கின் மேல் ஏறுகிறதா, காரில் சீட் பெல்ட் குறுக்கே போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பயணத் தொடரில் வீணாகும் நல்ல வசனங்களில் பாதி, கார் பின்சீட்டில் சீட் பெல்ட்டுக்கு அடியில்தான் சாகின்றன. மைக்கின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரில் இரண்டு ஏஏ பேட்டரி. அது ஒரு பகல் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மதியச் சாப்பாட்டின்போது கேட்காமலே மாற்றிவிடுவது நல்லது. கடுங்குளிர் நாட்டில் அது பாதி நேரம்கூட வராது. பெருங்கூட்டத்தில் கார்ட்லெஸ் அலைவரிசை குழம்பும். அதற்காக, விரல் பருமனில் ஒரு தனி ரெக்கார்டரையும் பயணியின் சட்டைப்பையில் ஓடவிட வேண்டும். முதல் பருவத்தில் கார்ல் கும்பமேளாவுக்குப் போனார். அப்படியொரு கூட்டத்தில் ஒருவர் தனக்குத்தானே பேசுவது தெளிவாகக் கேட்கிறது என்றால், அன்றைக்கு ஒலிப்பதிவாளர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

கேமரா இரண்டு. ஒன்று பயணியின் முகத்தை விட்டு நகரவே கூடாது, மற்றொன்று அவர் பார்ப்பதைப் பார்க்கும். ஒரே கேமராவை வைத்துக்கொண்டு, முதலில் பாம்புக் கறியை எடுத்துவிட்டு, ‘சார், இன்னொரு தடவை அதே மாதிரி முகம் வையுங்க’ என்று கேட்டால் தீர்ந்தது. ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போகிற காட்சி என்றால், கேமரா எப்போதும் பயணிக்கு முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் பேசி, மைக் மாட்டி, ஒப்புதல் படிவத்தை அவர் மொழியிலேயே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, அடுப்பு எங்கே, பாத்ரூம் எங்கே என்று பார்த்துவைத்த பிறகே பயணியைக் கதவு தட்டச் சொல்ல வேண்டும். கதவைத் தட்டுவது ஒரே தடவை. இதற்கு டைரக்டர், இரண்டு கேமராமேன், ஒரு ஒலிப்பதிவாளர், ஒரு உதவியாளர், உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், டிரைவர் போதும். இதற்கு மேல் மேக்கப், காஸ்ட்யூம் என்று கூட்டம் சேர்ந்தால், கஷ்டப்படுகிறேன் என்று சொல்கிற ஆளைச் சுற்றிக் குடை பிடிக்கப் பத்துப் பேர் நிற்பது எங்காவது ஒரு கண்ணாடியில் தெரிந்துவிடும்.

பயணச் சாமான்கள் பற்றியும் கொஞ்சம். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், லக்கேஜில் போட்டால் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை இருந்தால் தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஆளுக்கு இரண்டு. கேமரா பேட்டரிகள் 98 வாட்-மணி என்று விசித்திரமான எண்ணில் விற்கப்படுவது இதனால்தான். கருவிகளுக்கு ஃபிக்கி என்கிற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு தரும் ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணத்தை வாங்கினால், அதை ஏற்கும் நாடுகளில் சுங்கவரி கட்டாமல் உள்ளே கொண்டுபோகலாம். ஒவ்வொரு லென்ஸின் வரிசை எண்ணும் அதில் ஏற வேண்டும். போன பொருள் அத்தனையும் திரும்பி வர வேண்டும். இடத்துக்கு இடம் விதியும் மாறும். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வீடியோ எடுப்பதும் பிரதானக் கல்லறையின் நுழைவாயிலில் உள்ள செம்மணற்கல் மேடை வரைதான். பெரு நாட்டின் மாச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரம், ஆனால் அதற்குப் போகும் வழியில் தங்கும் கூஸ்கோ நகரமோ சுமார் 3,400 மீட்டர். விமானத்தில் நேராக அங்கே இறங்கினால் முதல் நாள் தலைவலியும் வாந்தியும் வரும். அதுவும் முதலில் படுப்பது சாமான் தூக்குகிற கேமராமேன்தான், பயணி அல்ல. முதல் நாளுக்கு ஷூட்டிங்கே போடாதீர்கள்.

எடிட்டிங்குக்கு வருவோம். ஒரு கேமரா ஒரு நாளில் 3 மணி நேரம் ஓடினால், இரண்டு கேமராவுக்குப் பத்து நாளில் 60 மணி நேரம் சேரும். ஒளிபரப்புக்குத் தேவை 45 நிமிடம். 80 நிமிடம் எடுத்தால் ஒரு நிமிடம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 50 மெகாபிட் தரத்தில் எடுத்தால் அந்த 60 மணி நேரமும் ஏறக்குறைய 1.35 டெராபைட் வரும். தினமும் இரவு இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு ஆட்களின் பையில் வைக்க வேண்டும். ஒரே பையில் இரண்டையும் வைப்பவரை இந்தத் தொழிலில் இன்னும் பார்க்கிறோம்.

மிகப் பெரிய தப்பு, ஐந்தாம் நாள் வெறுப்பை எடுத்து முதல் நாள் சாப்பாட்டுக்கு ஒட்டுவது. எடிட்டருக்குக் கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் தாடி வளர்ந்திருக்கும், மூக்கு வெயிலில் உரிந்திருக்கும், சட்டைக் காலரில் குழம்புக் கறை இருக்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பட்டுவிடும். இன்னொன்று நம் சேனல்களின் நிரந்தர வியாதி: ‘டொய்ங்’ சத்தம், வடிவேலு வசனத் துண்டு, திரை அதிர்வது. கார்ல் சீனப் பெருஞ்சுவரைப் பார்த்துவிட்டு அதற்குப் ‘பரவாயில்லைச் சுவர்’ என்கிற பொருளில் பேர் மாற்றினாரே, அந்த இடத்தில் ஒரு ‘டொய்ங்’ போட்டுப் பாருங்கள், சிரிப்பு போய்விடும். அதிசயத்தைக் காட்டிவிட்டு இரண்டு மூன்று விநாடி காற்றுச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டு, பிறகு அவர் பேச்சை விட வேண்டும். அந்த மூன்று விநாடி வெறுமையை எந்த சேனல் அதிகாரி தாங்குவார் என்பது வேறு விஷயம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் எடிட்டிங் அறையில்தான் முடிவு செய்கிறார்கள். சுலபமான சோதனை ஒன்று உண்டு. உள்ளூர்க்காரர்கள் பேசியதை மட்டும் தனித் தாளில் எழுதிப் படியுங்கள். அவர்கள் விவரமானவர்களாகத் தெரிந்தால் சிரிப்பு பயணியின் மேல் விழுகிறது, சரி. அசடுகளாகத் தெரிந்தால் வெட்டுங்கள். இந்தச் சோதனையில் கார்லின் சீனா, இந்தியா பகுதிகள் முழு மதிப்பெண் வாங்கா. கழிப்பறையும் கூட்டமும் கொஞ்சம் அதிகம், ஊர்க்காரர்கள் வாய் திறக்கும் நேரம் குறைவு. ஜோர்டான் பகுதி எங்கள் கணக்கில் முதல் தரம். பெட்ராவில் அவரைக் குகையில் தங்கவைத்தார்கள். புலம்பிக்கொண்டே போனவர், அரண்மனையில் இருந்துகொண்டு குகையைப் பார்ப்பதைவிடக் குகையில் இருந்துகொண்டு அரண்மனையைப் பார்ப்பதுதான் லாபம் என்று ஒரு தர்க்கம் சொன்னார். அதை மறுத்துப் பேசுவது கஷ்டம். வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்தாளாம் என்பார்கள், அந்தப் பேரும் சில சமயம் பொருந்தித்தான் போகிறது.

மூன்றாம் பருவத்தில் எல்லாவற்றுக்கும் உற்சாகமாகத் தலையாட்டுகிற நடிகர் வார்விக் டேவிஸைத் துணைக்கு அனுப்பினார்கள். புலம்பலுக்குப் பக்கத்தில் உற்சாகம் என்ற கணக்கு நன்றாகத்தான் இருந்தது, என்றாலும் மூன்றே பகுதிகளோடு முடிந்தது.

கட்டுரை புகழ்ந்திருந்த, கனடா நடிகர் யூஜின் லெவியின் ‘தி ரிலக்டன்ட் டிராவலர்’ (மனமில்லாத பயணி) வேறு ஜாதி. ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 2023 பிப்ரவரியில் வந்தது. முதல் பருவத்தில் பின்லாந்து, டோக்கியோ உட்பட எட்டு இடங்கள், எல்லாம் சொகுசு விடுதிகள். எழுபது தாண்டிய மனிதர், உயரம் பயம், குளிர் ஆகாது, சாகசம் வேண்டாம். அங்கே அனுப்பிவைத்துச் சிரிக்கிறவர் என்று தனியே யாரும் இல்லை. அதனால் மறுப்பு மெல்லக் கரைந்து, அரை மணி நேரத்தில் மனிதர் இளகிவிடுகிறார். பார்க்க இதம், வயிறு குலுங்காது. அவ்வளவு அறை வாடகை கட்டும் தயாரிப்பாளர் இங்கே இருந்தால் தாராளமாக முயலலாம்.

கட்டுரையாளர் தவறவிட்டதில் எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ரொமேஷ் ரங்கநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்து மேடைக் காமெடிக்கு வந்தவர். 2015-ல் பிபிசி த்ரீயில் வந்த ‘ஏஷியன் புரொவோகட்டர்’ தொடரில் அவரை இலங்கைக்கு அனுப்பிவைத்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா சாந்தி. மகனுக்குத் தன் பூர்வீகம் தெரியவில்லையே என்ற குறை. ஜெர்வைஸும் மெர்ச்சன்டும் சேர்ந்து செய்த வேலையை இந்த அம்மா தனியாளாகச் செய்துவிட்டார். அம்மா சொன்னால் தட்ட முடியாது, அம்மாவிடம் புலம்பாமலும் இருக்க முடியாது. 2018 முதல் பிபிசி டூவில் ரொமேஷ், சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத ஹைட்டி போன்ற நாடுகளுக்குப் போன தொடருக்கு 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருதும் கிடைத்தது.

நம் சேனல்கள் தேட வேண்டியது இப்படியொரு ஆளைத்தான். வெளிநாட்டில் பேரன் பேத்தி பார்க்கப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அப்பா, அவரை அனுப்பியே தீருவேன் என்கிற அம்மா, இந்த ஜோடி நம் தெருவுக்கு நாலு உண்டு. பெட்டியில் புளிக்காய்ச்சலும் கறிவேப்பிலையும் வைத்துக் கட்டுவதும் அந்த அம்மாதான். நியூசிலாந்து போகிறவரானால் அந்நாட்டுப் பயணி அறிவிப்புப் படிவத்தில் அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

கடைசியாக ஒரு திருத்தம். முதல் பருவத்தில் கார்ல் ரோமின் கொலோசியத்துக்குப் போனதாகக் கட்டுரையில் இருக்கிறது. போகவில்லை. 2007-ல் வாக்கெடுப்பில் அறிவிக்கப்பட்ட புதிய ஏழு அதிசயங்களின் பட்டியலில் கொலோசியம் உண்டு, எகிப்தின் பிரமிடுகளுக்கு அதில் கௌரவ இடம் மட்டும்தான். தொடர்க்காரர்கள் கொலோசியத்தைத் தள்ளிவிட்டுப் பிரமிடுகளைச் சேர்த்துக்கொண்டார்கள். லண்டனிலிருந்து ரோமுக்கு இரண்டரை மணி நேர விமானம், அவ்வளவு பக்கத்தில் அனுப்பினால் கார்லுக்குப் புலம்ப என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
படத்தொகுப்பு, ஒலிப்பதிவுத் தொழிலாளர்கள் சிலர்,
கோடம்பாக்கம், சென்னை-24.